மிஷன் முற்றத்தில் ஒரு கொடிமரம்

பிள்ளைகளே, அந்த அட்டைக் கோயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கிழமை முழுக்க எனக்கிருந்த பயம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மகளே, பள்ளிக்கூடத்தில் உனக்கொரு வேலை தந்திருந்தார்கள். ஸ்பெயின்காரர் அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்த மக்களைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ப்பதற்குக் கட்டிய மிஷன் ஒன்றை அட்டையில் செய்யவேண்டும். கோயில், மணிக்கோபுரம், சுற்றிவர மதில், உள்ளே மக்களின் குடிசைகள். நான் வெட்டினேன், நீ புத்தகத்தைப் பார்த்து வாசித்துச் சொன்னாய். மணி அடித்தால் எல்லோரும் பூசைக்கு வரவேண்டும். தப்பி ஓடியவர்களைப் பிடித்துவந்து சவுக்கால் அடித்தார்கள். அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டாய்.

“அப்பா, எங்கடை ஆக்களையும் இப்பிடித்தான் சேர்த்தவையோ?”

“எங்கடை ஊருக்குப் போர்த்துக்கேயர் வந்துதான் சேர்த்தவை. அடிச்சவையோ எண்டு எனக்கு வடிவாத் தெரியாது, பிள்ளை.”

“அப்ப நான் இனிப் பூசைக்கு வரேல்லை.”

இங்கே கிங்ஸ்பரியில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு நாலு பேரும் ஒன்றாகப் போவதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. நீ இல்லாமல் நாங்கள் உட்காரப்போகும் கோயில் வாங்கை நினைத்தபடியே மிச்சத்தை ஒட்டினேன். கோயிலுக்கு முன்னால் ஒரு கபாப் குச்சியையும் நட்டுவிட்டேன். கை தானாகச் செய்தது. ஊரில் கொடிமரம் இல்லாத வேதக்கோயிலை நான் கண்டதில்லை.

அம்மாதான் கண்டுபிடித்தா. “இஞ்சரப்பா, ஸ்பெயின்காரன் எந்தத் திருவிழாவுக்குக் கொடியேத்தினவன்?”

அதற்குள் பசை காய்ந்துவிட்டது. நீ அப்படியே பஸ்ஸில் கொண்டுபோனாய்.

பின்னேரம் நீ அட்டைக் கோயிலோடு திரும்பி வந்ததும் உன் தம்பி வாசலிலேயே கேட்டான். “அப்பான்ரை தடிக்கு எவ்வளவு மார்க் வெட்டினவை?”

“ஒண்டும் வெட்டேல்லை. இது என்னெண்டு டீச்சர் கேட்டா. கொடிமரம், ஊரிலை எங்கடை கோயில்லை இருக்கு, ஸ்பெயின்காரர் வைக்கேல்லை எண்டன். அப்ப ஆர் வைச்சதெண்டு கேட்டா. எங்கடை ஆக்கள் தாங்களா வைச்சது எண்டன்.” பிறகு என்னைப் பார்த்தாய். “அடிச்சதையும் சொன்னனான், அப்பா.”

“சொல்லத்தானே வேணும்.”

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்: “ஞாயிறு பூசைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?”

“பத்துக்கு” என்றேன்.

நீங்கள் இருவரும் மேலே போன பிறகு பார்த்தேன். பஸ் நெரிசலில் கொடிமரம் சரிந்திருந்தது. ஒரு சொட்டுப் பசை விட்டு, நேராக்கி, அது பிடிக்கும்வரை விரலால் தாங்கிக்கொண்டு நின்றேன்.