எத்தனை இலை என்று கேட்காத ஃபங்ஷன்

ஸ்வீடனில் நான் இருக்கும் கோத்தன்பர்க்கில், ரொட்டி வாங்கக்கூடச் சுவரிலிருக்கும் பெட்டியிலிருந்து எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடையில் நான் ஒருத்திதான் என்றாலும், என் எண் வரும்வரை கடைக்கார அம்மாள் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். குற்றாலத்தில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்து இடம் பிடித்தவள் நான். எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அந்த இடம் பிடிக்கும் பழக்கம்தான் என் அக்கா செல்வியின் வயிற்றில் அடித்தது. தென்காசியில் பார்த்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு, போன வருடம் அவள் குற்றாலத்தில் மெஸ் திறந்தாள். அருவியில் குளித்து வருகிறவர்களின் பசி லேசான பசியல்ல. நாற்காலிச் சண்டையில் பாதிப் பேர் சாப்பிடாமலே போனார்கள். இந்தச் சாரல் சீசனும் அப்படிப் போனால் கடையைச் சாத்திவிடுவேன் என்றாள். பதறிப்போய், போனிலேயே டோக்கன் எடுக்கும்படி ஒரு சின்ன வெப் பக்கம் எழுதினேன்.

அதன் உயிர் ‘ஜெனரேட்டர் ஃபங்ஷன்’ என்ற ஒரு நிரல் துண்டு. மற்ற ஃபங்ஷன்கள் ஓடி முடித்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். இது கேட்டால் ஓர் எண்ணைத் தந்துவிட்டு, ‘யீல்ட்’ என்ற வரியிலேயே நின்றுகொள்ளும். மறுபடி கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

முதல் ஞாயிறே மானம் போயிற்று. வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம், எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு டோக்கன் எடுத்தது. முதல் எண்ணைக் கூப்பிட்டதும் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்துவிட்டது. அடுத்தடுத்த எண்களுக்கும் அவர்களே சோற்றுக் கையைத் தூக்கினார்கள்.

“ஏட்டி, எத்தன பேருன்னு கேக்காம யாராவது இலை போடுவாவளா? ஒன் கம்ப்யூட்டருக்கு அதுகூடவா தெரியல?” என்று அக்கா போனில் கத்தினாள்.

உடன் வேலை பார்க்கும் எரிக்கிடம் அந்த வேன் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “பள்ளிச் சுற்றுலாவா?” என்றான். ஒரே குடும்பம் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

யீல்ட் தருவது மட்டுமல்ல, வாங்கவும் செய்யும். அடுத்த டோக்கனைக் கேட்கும்போதே ஆள் எண்ணிக்கையையும் கொடுத்தனுப்பலாம். முதல் அழைப்பில் கொடுப்பது மட்டும் அதன் காதில் விழாது. கடை திறக்குமுன் ஒருமுறை சும்மா எழுப்பிவிட வேண்டும். “மொத்தம் எத்தனை பேர்?” என்று பக்கம் கேட்கத் தொடங்கியதும், வீட்டுக்கு ஒருவரே எல்லாருக்குமாக டோக்கன் எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு ஒருவர்கூடப் பசியோடு திரும்பவில்லை. “கடையைச் சாத்த மாட்டேம்ட்டி!” என்று அக்கா வீடியோ காலில் துள்ளினாள்.

அந்தச் சந்தோஷத்தில் நானும் அந்தப் பக்கத்தில் ‘ஒருவர்’ என்று அழுத்தி ஒரு டோக்கன் எடுத்து வைத்தேன். கல்லாவில் சாய்த்து வைத்திருந்த போன் வழியாக அவள் குரல் வந்தது. “ஒரு ஆளு! ஒத்தையில வந்தது யாரு?” யாரும் எழவில்லை. குற்றாலத்துக்கு யார் தனியாக வருவார்கள்? அக்கா மெல்லப் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, நீயா?”

தலையாட்டினேன். போனுக்கு முன்னால் ஓர் இலையை விரித்து, தண்ணீர் தெளித்தாள். நான் இங்கே ரொட்டித் தட்டை ஓரமாக நகர்த்தி இடம் விட்டேன்.