ஹெல்மெட்டுக்குள் இருந்தவர்

அம்மாவின் தம்பி, என் மாமா, இந்திய ஹாக்கி அணியோடு கோல்கீப்பராக வெளிநாடு போன வருடம் நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையில் செய்த காரியம் இது.

தாத்தாவுக்கும் மாமாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு மில் வேலைக்கு வருவார். முதலாளியிடம் நடையாய் நடந்து மகனுக்கு ஒரு வேலை கேட்டு வைத்திருந்தார். மகன் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பயிற்சி முகாமுக்குக் கிளம்பிவிட்டார். "மட்டையத் தூக்கிட்டுப் போனவன் அங்கனயே கெடக்கட்டும்" என்றதோடு தாத்தா அந்தப் பேரை எடுப்பதையே விட்டுவிட்டார்.

மேட்ச் அன்று ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சாக, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னார். குடித்தார். பஸ்ஸுக்குப் போகவில்லை, டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல எவன் அவன்?"

"கோல்கிட்ட நிக்கான் பாருங்க மாமா, தலையில சட்டியக் கவுத்துன மாதிரி. அவந்தான்" என்றார் அப்பா.

"மூஞ்சியே தெரியலையே மாப்ள."

"தெரிஞ்சா மட்டும் பேசவா போறீக?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

செத்த நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை ஓங்கி அடித்தான். ஹெல்மெட்காரர் விழுந்து, காலை நீட்டித் தடுத்தார். மேட்ச் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் கை தட்டினார்கள். தாத்தா பாதி எழுந்துவிட்டார். அப்போது டீவியில் ஹெல்மெட்காரரின் முதுகைப் பெரிதாகக் காட்டினார்கள்.

"ஏலே, முதுகுல என்னமோ எழுதிருக்கே. வாசி."

வாசித்தேன். மாமாவின் பெயர் இல்லை. முதல் எழுத்தே வேறு. அணியில் இரண்டு கோல்கீப்பர்கள் போவார்கள், பெரும்பாலும் ஒருவர்தான் ஆடுவார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் முகம் நான் அதுவரை பார்த்திராத மாதிரி இருந்தது.

"மாமா பேருதான் தாத்தா" என்றேன்.

தாத்தா எழுந்து போய் டீவித் திரையில் அந்த முதுகைத் தொட்டார். அதற்குள் அந்த இடத்தில் வேறு யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமா போன் செய்தபோது தாத்தா அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினார். சரியாகக் காது கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

"நல்லாத் தடுத்தலே."

தொடர்பு போய்விட்டதோ என்று தாத்தா போனைத் திருப்பிப் பார்த்தார்.

"எதப்பா?" என்றார் மாமா.

"டீவில பாத்தம்ல. முதுகுல உம்பேரு போட்டிருந்துச்சு. பேரன் வாசிச்சுச் சொன்னான்."

"அப்படியா" என்றார் மாமா. பிறகு மெதுவாக, "நீங்க நல்லா இருக்கீகளாப்பா?" என்று கேட்டார். தாத்தா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மாமா ஊருக்கு வந்ததும் தாத்தா அவரை மில் வாசலுக்கும் டீக்கடைக்கும் கூட்டிக்கொண்டு போனார். "அந்தப் பந்தச் சொல்லுடா" என்பார். பந்து எந்தப் பக்கம் வந்தது, எந்தக் காலை எப்போது நீட்டினால் தடுக்கலாம் என்றெல்லாம் மாமா அச்சுப் பிசகாமல் சொல்வார். அந்தப் பயணம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர் வேறு எதைச் சொல்வார்.

ஒரு நாள் நான் தனியாக இருந்தபோது, "நீதான் வாசிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"இப்ப இன்னும் நல்லா வாசிக்கியா?"

"வாசிப்பேன்."

அவ்வளவுதான் கேட்டார்.

நாலைந்து மாதத்தில் அடுத்த முகாமுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. தாத்தா அதைக் கையில்கூட வாங்கவில்லை. கோபமும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அதான் இந்தியாவுக்கு ஆடியாச்சே. ஊரே பாத்துருச்சு. முதலாளி உன்னையச் சூப்பர்வைசரா எடுத்துக்கிடுதேன்னு அவராவே சொல்லுதாரு. இன்னும் என்னத்துக்குப் போகணும்?"

"இல்லப்பா... ஒரு மேட்ச்சாவது..." என்று மாமா ஆரம்பித்தார்.

"ஒரு மேட்ச்சா? அன்னைக்கு ஆடுனது என்ன?"

மாமா என்னைப் பார்த்தார். வாய் திறந்தார் என்றால் எனக்குத் தோல் உரிந்துவிடும். தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாதீங்க என்று நான் தலையை ஆட்டினேன். மாமா கடிதத்தை நாலாக மடித்தார்.

"ஆமாப்பா. ஆடியாச்சு" என்றார்.

அன்று மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு. அடி தப்பிய சந்தோஷத்தில் நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். தாத்தா தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து மகனின் தட்டில் வைத்தார். மாமா சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. வெளிநாட்டுச் சாப்பாடு பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.