ராத்தாவைப் பற்றி என்னிடம் கேட்டபோது

என் அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, தன் மகனை மறந்து விட்டுவந்த கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். கல்முனை பஸாருக்குப் போகும் நாட்களில் அதைக் கடந்துதான் நான் பஸ் பிடிக்க வேண்டும். அப்போது அது துணிக்கடை. நோன்புப் பெருநாளுக்கு நான்கு நாள் இருந்தது. ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ராத்தாவின் மகனுக்கு இரண்டரை வயது. சேலைக் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கிப்போனான். துணி தெரிவு செய்துகொண்டிருந்தவளுக்கு, எதிர்க்கடையில் பார்த்த சரிகை நாடா திடீரென்று நினைவுக்கு வந்திருக்கிறது. அதை எடுக்கப் போனாள். அங்கே பழைய கூட்டாளி ஒருத்தியைக் கண்டாள், கதைத்தாள், அவளோடு ஒரே ஓட்டோவில் ஏறி எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டாள்.

வாசலில் இறங்கியவளிடம் உம்மா கேட்டார்: "எங்கடி புள்ள?"

 ராத்தா, திரும்பிப் போய்க்கொண்டிருந்த ஓட்டோவைக்கூடக் கூப்பிடவில்லை. செருப்பில்லாமல் பிரதான வீதியில் கல்முனைப் பக்கமாக ஓடினாள். நான் இன்னொரு ஓட்டோவில் பின்னால் போய், பாதி வழியில் அவளை ஏற்றிக்கொண்டேன். கடையில் பிள்ளை மேசை மேல் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அழவும் இல்லை. அன்றைக்குக் குழந்தைக்கு நடந்தது அவ்வளவுதான். ஆனால் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே செய்தி ஊர் முழுக்கப் போயிருந்தது.

ராத்தா எனக்கு ஐந்து வயது மூத்தவள். சிறு வயதிலிருந்தே அவளைப் பற்றி வீட்டில் ஒரே பேச்சுத்தான். பால் பொங்கி வழியும், பக்கத்தில் நின்றபடியே அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பாள். ஒரு கதையைத் தொடங்கி நான்காவது கதையில் நிற்பாள். பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தவள் புத்தகத்தின் ஓரங்களில் பூவேலை வரைந்து முடித்திருப்பாள். ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்தால் காலையிலிருந்து அந்தி மஃரிப் தொழுகை வரைக்கும் எழும்ப மாட்டாள், சாப்பாடும் தேவையில்லை. அதனால் அவளுக்கு முடியும், மனமில்லை என்றுதான் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். "அவளுக்குப் புத்தி இல்லாம இல்ல, பொறுப்பு இல்ல" என்று வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்தாவின் கணவர், என் மச்சான், கெட்ட மனிதர் இல்லை. மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற குடும்பம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அப்படி வந்தவர் ஒவ்வொரு நாளும் வெளியே போகுமுன் காஸ் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார். ஏச மாட்டார். பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். நான்கு வருடம் அப்படி வைத்துக்கொண்டதை எல்லாம் கடைச் சம்பவத்துக்குப் பிறகு ஒரே நாளில் சொல்லி முடித்தார்.

பெருநாள் கழிந்த வாரம் பள்ளிவாசலிலிருந்து மூன்று பேர் சமாதானம் பேச எங்கள் ஹோலுக்கு வந்தார்கள். மச்சானும் அவருடைய உம்மாவும் ஒரு பக்கம் இருந்தார்கள். வாப்பா இல்லாத வீடு. ராத்தாவும் உம்மாவும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். நான் கல்விக் கல்லூரி முடித்துப் புதிதாக ஆசிரியை ஆகியிருந்தேன். தேத்தண்ணித் தட்டோடு வந்த என்னை அவர்களில் மூத்தவர் நிறுத்தினார்.

"நீங்க படிச்ச புள்ள, பொய் சொல்ல மாட்டீங்க. உங்கட ராத்தாவ நம்பிப் புள்ளய விடலாமா?"

நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மாணவியைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன்: "நம்பி விட ஏலா."

திரை அசையவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போய்விட்டார். கொஞ்சக் காலத்துக்கு என்றார்கள். அடுத்த வருடம் தலாக் ஆனது. பிள்ளை அங்கேயே வளர்ந்தான். இரண்டு பெருநாளைக்கும் வருவான். இப்போது இருபது தாண்டிவிட்டது. வந்தால் கதிரையின் நுனியில் உட்காருவான், கேட்டதற்குப் பதில் சொல்வான், "போய்ட்டு வாறன் உம்மா" என்பான். மோட்டார் சைக்கிள் வளைவில் மறையும் வரைக்கும் ராத்தா கேற்றில் நிற்பாள். பிறகு உள்ளே போய் மெஷினில் உட்காருவாள். உம்மாவும் மௌத்தான பிறகு அந்த வீட்டில் அவள் தனியே இருந்தாள்.

என் மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளுடைய வகுப்பாசிரியை என்னை அழைத்தார். பிள்ளை எதையும் எழுதி முடிப்பதில்லை, கேள்வியின் நடுவிலேயே எங்கோ போய்விடுகிறது, ஒரு தவணையில் மூன்று தண்ணீர்ப் போத்தல் தொலைத்துவிட்டது என்றார். வைத்தியசாலையில் சிறுவர் மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள். வைத்தியர் இளம் பெண். நீண்ட கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவனம் போய்விடுகிறதா? பொருள்களை வைத்த இடம் தெரிவதில்லையா? பிடித்த வேலை என்றால் மட்டும் மணிக்கணக்காக இருப்பாளா? நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில்தான் தெரிந்தது, என் கண்முன்னால் மகள் இல்லை. பால் சட்டிக்குப் பக்கத்தில் ராத்தா நின்றுகொண்டிருந்தாள்.

வைத்தியர் எழுதிய பெயர் ஏ.டி.எச்.டி. அவதானக் குறைபாடு என்று தமிழில் சொன்னாலும் அவதானம் இல்லாமல் இல்லை, அதை விரும்பிய பக்கம் திருப்ப முடியாததுதான் பிரச்சினை என்றார். பிறக்கும்போதே மூளையின் வேலை அப்படி. பொறுப்பின்மையோ வளர்ப்பின் பிழையோ அல்ல. துள்ளி ஓடாத பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை, அப்படியே பெரியவர்களாகிவிடுவார்கள்.

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி இரிக்கா?"

"ராத்தா."

"அவங்க இப்ப எப்பிடி இரிக்காங்க?"

"தனிய இரிக்காங்க" என்றேன்.

வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார். அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எனக்கு ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் இருப்பது தெரிகிறது, வலி தெரியவில்லை. பெரியவர்களுக்கும் வைத்தியம் இருக்கிறது, கூட்டி வாருங்கள் என்றார்.

ராத்தாவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் எடுத்தது. கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "இதுக்குப் பேரும் இரிக்கா?" என்றாள். கிளினிக்குக்கு வரச் சொல்லிக் குறித்துக் கொடுத்த முதல் நாளை அவள் மறந்தே போனாள். இரண்டாவது தடவை நானே ஓட்டோவில் போய் ஏற்றினேன். இப்போது இருவருக்கும் மருந்து இருக்கிறது. மருந்தால் எல்லாம் தீராது. மகளை வகுப்பில் முன்வரிசையில் இருத்தியிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லப் பழகியிருக்கிறேன், அதிலும் பல நாள் தோற்றுக் கத்திவிடுகிறேன். ராத்தா கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துச் சாவியை அங்கே மட்டும்தான் மாட்டுகிறாள். அடுப்பு மூட்டினால் தொலைபேசியில் மணி வைக்கிறாள். போன மாதம் பால் ஒரு தடவைதான் பொங்கியது என்று எனக்கு அழைத்துச் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் மகளை அவளிடம் விடுகிறேன். இருவரும் வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு முடிந்ததும் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். அது வைத்தியர் சொன்னதா, ராத்தா கண்டுபிடித்ததா என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை, மகள் முற்றத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

"ராத்தா, அண்டைக்கி பள்ளிவாசல் ஆக்கள் வந்த நேரம் நான் ஒண்டு சொன்னன்."

அவள் துணியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நம்பி விட ஏலா எண்டாய். தட்டில அஞ்சு கோப்ப இரிந்த. ஒண்டில தேத்தண்ணி சிந்தி இரிந்த. நீ நீலச் சல்வார் உடுத்திருந்தாய்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு எல்லாம் மறக்கும். அது மட்டும் மறக்கல்ல."

"எனக்கு அப்ப தெரியா ராத்தா."

"எனக்கும் தெரியாதானே. நீ சொன்னது உண்மையெண்டுதான் நானும் நம்பின. அதான் திரைய விட்டு வெளிய வரல்ல."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.  அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. வெளியே என் மகள் சுற்றுவதை விட்டுவிட்டுக் குந்தியிருந்து எறும்பு வரிசை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். கூப்பிடவில்லை.

"இவளுக்கும் ஒரு நாளைக்கி மாப்பிள்ள வீட்டார், பள்ளிக்கூடத்தார் எண்டு ஆராவது வந்து கேப்பாங்க" என்றாள். "அப்ப நீ ஒண்டும் கதைக்காத. என்னக் கூப்பிடு. நான் வந்து சொல்றன்."

"ஓம் ராத்தா" என்றேன்.