தம்பிக்கு வந்தது அம்மை இல்லை

என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது, எனக்கு ஒன்பது. மூன்று நாளாய் அனலாகக் கொதித்த காய்ச்சல் நாலாம் நாள் காலையில் விட்டது. கூடவே கை, கால், முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, சும்மா இருந்தால்தானே? ஆத்தா இறங்கியிருக்கிறாள், வாசலில் வேப்பிலை கட்டு, வீட்டில் தாளிக்காதே, ஊசி மருந்து என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாள். கலெக்டர் ஆபீசில் ஃபைல் பார்க்கிற அப்பா, அக்கா பேச்சுக்குத் தலையாட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா இரண்டு முறை ஆஸ்பத்திரி என்றாள். ஆத்தா வந்த வீட்டில் அபசகுனமாகப் பேசாதே என்று இரண்டு முறையும் அத்தை அடக்கினாள். தம்பி அழவில்லை, பாலைத் தொடவில்லை, பழந்துணி மாதிரி கிடந்தான். பாதம் சில்லிட்டிருந்தது. ஜுரம் விட்டால் குளிரத்தான் செய்யும் என்றாள் அத்தை. ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றக் கேழ்வரகு அரைக்க அவள் மில்லுக்குப் போன நேரம் பார்த்து, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா அவன் விரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் சிவக்க நேரமானது. கடைசியாக எப்போது மூத்திரம் போனான் என்று கேட்டார். நேற்று சாயந்திரம் என்று நான்தான் சொன்னேன். காலையில் பாய் நனையவில்லை என்று அவனை மெச்சியவளும் நான்தான். டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. இது டெங்கு மாதிரி இருக்கிறது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, இதில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே என்றபடி சலைன் ஏற்ற அவன் கையில் நரம்பைத் தேடினார். தேடிக்கொண்டே அம்மாவைத் திட்டினார்.

"படிச்சவங்கதானே நீங்க? பெத்த புள்ளைய இப்டியா போட்டு வெச்சிருப்பீங்க?"

அம்மா தம்பியின் கையை ஊசிக்கு வாகாகப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் அத்தை செய்த வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கிள்ளிய கிள்ளில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தம்பி பிழைத்தான். எல்லாம் ஆத்தா கருணை என்றாள் அத்தை, கொஞ்சமும் கூச்சமில்லாமல். அப்பா அதையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவர்களைவிட அம்மாமேல்தான் கோபம். செய்யாத தப்புக்கு வாயை மூடிக்கொண்டு பேச்சு வாங்கினாளே என்று ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டு நியாயத்தைக் கேட்க டாக்டரம்மா ஒரு நிமிஷம் தலைநிமிர்ந்திருந்தால், அந்த ஒரு நிமிஷம் தம்பியின் கணக்கில் குறைந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.