தோசைத் தன்சல்

கண்டியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தால், நாம் வாயைத் திறக்கும் முன்பே ஒரு தட்டு நிறையப் பலகாரம் மேசைக்கு வந்துவிடும். வடை, ரோல்ஸ், பணிஸ் எல்லாம் அதில் இருக்கும். சோட் ஈட்ஸ் என்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மீதித் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். வந்து இறங்கிய அன்று இது எனக்குத் தெரியாது. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அப்படி ஒரு தட்டு என் முன்னால் வந்தது. வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் நான். மூச்சு முட்ட முழுவதையும் தின்று முடித்தேன். பாவம், நல்ல பசி போலிருக்கிறது என்று கடைக்காரர் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கம். அதிலும் இரண்டு தின்றேன்.

எனக்கு மதுரைப் பக்கம் திருமங்கலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதன்பிறகு தோசைக்கல்தான். கண்டியில் ஒரு சைவக் கடைக்குத் தோசை மாஸ்டராக வந்து நாலு வருஷம் ஆகிறது. ‘வெளிநாடு எப்படி இருக்கு?’ என்று ஊரிலிருந்து போனில் கேட்கிறார்கள். என்ன சொல்வது? வாழை, மா, பலா எல்லாம் அங்கே பார்த்ததுதான். கடைத்தெருவில் தமிழும் காதில் விழுகிறது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பழகிய வீடு மாதிரியே இருக்கும், இறங்கும்போது மட்டும் ஒரு படி குறையும். இங்கே சாப்பாட்டுத் தட்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்துவார்கள். கை துடைக்கப் பழைய பரீட்சைத் தாளை நறுக்கி வைத்திருப்பார்கள். முதல் மாதம் நான் கையைத் துடைக்காமல் அதில் இருந்த கணக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது முதல் வெசாக்தான். புத்தருக்கான பௌர்ணமி அது. பண்டாரவின் திரீவீலில், நாம் ஆட்டோ என்கிறோமே அதில், அக்குறணைப் பக்கம் இருக்கும் என் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பண்டார பக்கத்து வீட்டுக்காரர், சிங்களவர். எங்கள் லேனில் பேசிப் பேசியே தமிழைப் பிடித்தவர். திடீரென்று ஏழெட்டுப் பேர் கொடிகளோடு நடுரோட்டில் பாய்ந்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. எங்கள் பக்கம் கொடியோடு ஆட்கள் ரோட்டில் பாய்ந்தால் ஒன்று மறியல், இல்லாவிட்டால் திருவிழா வசூல். பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “திருப்பிருவோமா?” என்றேன்.

“ஏன் மாஸ்டர்? கடலை சுடச் சுட இருக்கு!” என்று பண்டார வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

அதற்குத் தன்சல் என்று பெயர். போகிற வருகிறவர்களை நிறுத்திச் சும்மா சாப்பாடு கொடுப்பது. அன்னதானம் இல்லாதவர்களுக்கு, நமக்கு வேலை இருக்கிறது என்று நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் பெரிய காரில் வந்த குடும்பமே இறங்கி வரிசையில் நின்றது. தொப்பி போட்ட ஜவ்ஃபர் நானாவும் அந்த வரிசையில் இருந்தார். எங்கள் லேன்காரர், அக்குறணையில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள்.

“எறங்குங்க தம்பி,” என்றார். “இது பசிக்குக் குடுக்கிற இல்ல. நீங்க திங்காட்டி அவங்களுக்கு எப்படி நன்மை கெடைக்கிற?”

இறங்கினேன். கடலை கொடுத்தவர் என்னைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ சொன்னார். நன்றி சொல்கிறார் என்றார் பண்டார. தின்றது நான், நன்றி சொன்னது அவர். இத்தனை வருஷம் கல்லுக்கு முன்னால் நின்ற எனக்குத் தின்றவனைக் கும்பிட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அது மனசிலேயே கிடந்தது. இந்த வருஷம் வெசாக் நெருங்கும்போது, “நாம தோசை போடுவோமா?” என்று என் வாயே கேட்டுவிட்டது. பண்டார லேன் முழுக்கச் சொல்லிவிட்டார். நானா உளுந்து கொடுத்தார், வீட்டுக்கு வீடு அரிசி வந்தது, என் முதலாளி இரண்டு கல்லும் காஸ் அடுப்பும் கொடுத்தார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். “நான் கல்லுக்குப் பின்னாடிதான் நிப்பேன். ரோட்டுக்கு வரமாட்டேன், யார்கிட்டயும் பேசமாட்டேன்.”

“மாஸ்டர் பேசி நாங்க எப்ப கேட்டது?” என்றார் பண்டார.

அன்று இரண்டு டிரம் மாவு தயாராக இருந்தது. ஆட்கள்தான் வரவில்லை. மேலே வளைவில் ஐஸ்கிரீம் தன்சல் போட்டிருந்தார்கள். அதைத் தின்றவர்கள் எங்களைத் தாண்டி நேரே போனார்கள். கொடி பிடிக்க வந்த பண்டாரவும் கூட்டாளிகளும் “இந்தா வாறோம்” என்று அதே ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டார்கள். புழுக்கத்தில் மாவு டிரம்மின் வாய்வரை பொங்கி நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் புளித்துவிடும். லேன் கொடுத்த அரிசியும் உளுந்தும் சாக்கடைக்குப் போகும். சும்மா கொடுத்தும் இவன் தோசையை யாரும் தின்னவில்லை என்ற பேரும் மிஞ்சும்.

தேங்காய்ச் சம்பல் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த நானா என்னைப் பார்த்தார். “எனத்த தம்பி யோசிக்கிற? கொடி அங்க ஈக்கி.”

“நீங்க போங்க நானா.”

“எனக்கு முட்டிக்கால் வலி. தூக்குங்க கொடிய.”

போனேன். ஆட்டவில்லை, குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ரோட்டைக் கடக்கப்போகிறேன் என்று நினைத்து ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்தி வழி விட்டார். வேறு என்ன செய்வது? கடந்தேன். பிறகு திரும்பி வந்தேன். நானா அங்கிருந்து தலையில் அடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கொடியை ஆட்டினேன்.

சிகிரியாப் பக்கமிருந்து வந்த சுற்றுலா வேன் ஒன்று நின்றது. டிரைவர் உள்ளூர்க்காரர். வேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

“ஏன்டா நிப்பாட்டிட்டான்? வசூலா?”

“ஆளுக்கு எரநூறு கேப்பாய்ங்க போல. கண்ணாடிய ஏத்து.”

எங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சு! ஜன்னலோரம் போய், “சாப்டுங்கண்ணே, தோசை,” என்றேன்.

“எவ்வளவு?”

“காசு வேணாம்ணே.”

“காசு வாங்காம எதுக்குக் குடுக்குறீங்க?”

நானா சொன்ன விளக்கத்தை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். “நீங்க தின்னாத்தான் எங்களுக்கு நல்லது.” அது வேறு மாதிரிப் போய் விழுந்திருக்க வேண்டும். பாதி திறந்திருந்த கண்ணாடியும் ஏறிவிட்டது.

ஓடிப்போய்க் கல்லில் மாவை ஊற்றினேன். டிரைவர் மூன்றாவது தோசைக்குக் கையை நீட்டியபோது வேன் கதவு திறந்தது. வயதான ஒருவர் இறங்கி வந்து, ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வேனைப் பார்த்துக் கத்தினார். “எல்லாரும் எறங்குங்கப்பா! இலங்கைத் தோசை அப்படியே நம்ம ஊர்த் தோசை மாதிரி இருக்கு!” பிறகு என்னிடம், “தமிழும் நல்லாப் பேசுறீங்க தம்பி,” என்று பாராட்டினார்.

அதற்குள் ஐஸ்கிரீமோடு திரும்பிய பண்டார, “மாஸ்டர் இந்தியா! உங்கட ஆள்!” என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டார். “சும்மா இருங்க தம்பி. நம்ம ஊர்க்காரன் நடுரோட்டுல கொடி ஆட்டி ஓசியில தோசை குடுப்பானா?”

திருமங்கலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தத் தெரு, யார் மகன், இங்கே எதற்கு வந்தாய் என்று பேச்சு நீண்டிருக்கும். கல்லில் தோசை வேறு கிடந்தது. கையைக் கூப்பி, “சாப்பிட்டதுக்கு நன்றிங்கய்யா,” என்றேன். அவர் குழம்பிப்போய் அவரும் கும்பிட்டார்.

கல்லில் கிடந்த தோசையை எடுத்து முடித்ததும் நானா மறுபடி கொடியை என் கையில் திணித்தார். வேன் கண்டிப் பக்கம் இறங்கியது. பின் கண்ணாடி வழியாகப் பெரியவர் கை காட்டினார். எனக்கு என்ன ஆனதோ, ரோட்டுக்கு நடுவே ஓடிப்போய், வேன் மறையும்வரை நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். கையில் கொடி இருந்ததை மறந்துவிட்டேன். மாத்தளையிலிருந்து வந்த பஸ் ஒன்று என் முதுகுக்குப் பின்னால் கிறீச்சென்று நின்றது. திரும்பிப் பார்த்தால், பஸ் முழுக்க ஆட்கள் தோசைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.