விக்கி ஆண் மீன் இல்லை

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மீன் தொட்டி முன்னால்...

மகள் யாழினி அழுதுகொண்டு நின்றாள்.

பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. புனேயில், சாங்வி பகுதியில் இருக்கும் இந்த வீட்டில், நானும் அவளும் மட்டும்தான். அவள் அம்மா ரத்தப் புற்றுநோயில் இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

தொட்டியில் மூன்று கப்பி மீன்கள். குட்டி போட்டுப் பெருகினால் சமாளிக்க முடியாது என்று ஆண் மீன்களாகவே கேட்டு வாங்கினோம். அதில் வாலில் அவ்வளவாக நிறமில்லாத ஒன்றுக்கு விக்கி என்று பெயர். (வைத்தது அவள். நான் பொறுப்பல்ல.)

விக்கியின் வயிறு உப்பியிருந்தது. அடிவயிற்றில் கறுப்பாக ஒரு திட்டு வேறு.

"விக்கி பீமாரா இருக்குப்பா. செத்துப் போயிடுமா?"

எனக்கும் பயம்தான். இந்த வீட்டில் இன்னொரு சாவு வேண்டாம், மீனாக இருந்தாலும்.

போனில் தேடிப் படித்தேன். பிறகு இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். ஆண் கப்பிக்கு உடம்பு சிறிது, நிறம் அதிகம். வயிற்றுக்கு அடியில், வாலுக்கு முன்னால் இருக்கும் துடுப்பு குச்சி மாதிரி கூர்மையாக இருக்கும். பெண்ணுக்கு அதே துடுப்பு சின்ன விசிறி மாதிரி விரிந்திருக்கும். பக்கத்தில் கறுப்புத் திட்டு. குட்டி வளர வளர அது இன்னும் கறுக்கும்.

மற்ற இரண்டுக்கும் குச்சி. விக்கிக்கு விசிறி.

"இது சீக்கு இல்ல கண்ணு. விக்கி பொம்பளப் புள்ள. வயித்துல குட்டி இருக்குது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

போன வாரம் பள்ளியில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வீடியோ போட்டார்களாம். வளர்ந்தால் உடம்பு மாறும், மாதாமாதம் ரத்தம் வரும் என்றார்களாம். மிஸ் மராத்தியில் வேகமாகப் பேசியதில் இவளுக்குப் பாதி புரியவில்லை. மற்ற பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்திருக்கிறார்கள்.

"அம்மாவுக்கும் ரத்தத்துலதானப்பா வந்துச்சு? எனக்கும் அதேதானா?"

அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

ஒரு வாரமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் டிபன் பாக்ஸ் எடுத்துப் போயிருக்கிறாள், ஹோம்வொர்க் செய்திருக்கிறாள், என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

இந்தப் பேச்சை கோடை லீவில் கோயம்புத்தூரில் என் அக்கா பார்த்துக்கொள்வாள் என்று இருந்தேன். இனி எங்கே தள்ளிப்போடுவது?

"அம்மாவுக்கு வந்தது நோவு. இது நோவு இல்ல கண்ணு. நீ நல்லா வளர்றேன்னு அர்த்தம். அத்தைக்கு வந்துச்சு. உங்கம்மாவுக்கும் சின்ன வயசுல வந்துச்சு, அவ நல்லாத்தான் இருந்தா."

தடுமாறித்தான் சொன்னேன். எனக்குத் தெரியாத கேள்விகளுக்கு அக்காவை போனில் பிடித்தோம். ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் கேட்டாள். வலிக்குமா, விளையாடலாமா, எத்தனை நாள் இருக்கும்... கேட்டு முடித்ததும் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். அவள் உடம்பில் இருந்த இறுக்கம் விட்டதை என் கையால் உணர்ந்தேன்.

பிறகு, "ஸ்கூல்ல வந்துட்டா என்ன பண்றது?" என்றாள். நியாயமான கேள்வி. இருவருமாக மெடிக்கலுக்குப் போனோம்.

கடையில் என் குரல் தானாக இறங்கிவிட்டது. கடைக்காரர் வழக்கம்போல நாப்கின் பாக்கெட்டை நியூஸ்பேப்பரில் சுற்றப் போனார்.

யாழினி கையை நீட்டினாள். "காகா, பேப்பர் நகோ. அஸச் த்யா."

பேப்பர் வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்கிறாள்!

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஒரு கையில் அந்தப் பாக்கெட், இன்னொரு கையில் என் விரல். மார்க்கெட் தெரு முழுக்க அப்படியே நடந்து வந்தாள்.

மகளைத் தனியாக வளர்க்கும் அப்பாக்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இந்தப் பேச்சையெல்லாம் எப்படிப் பேசினீர்கள்? கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கேள்விகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன.