மூன்று மரம் விழுந்த இடம்

பிப்ரவரிப் புயலில் சலூஹாவின் தோட்டத்தில் மூன்று பேரீச்சைகள் வேரோடு சாய்ந்தன. கணவன் இறந்தபின் பாலைவனச் சோலை ஊரான காபெஸில் இருந்த அந்தத் தோட்டம்தான் அவளுக்கும் இரண்டு மகள்களுக்கும் சோறு போட்டது. மரம் போனதைவிட, அந்த இடத்தில் விழுந்த வெயில்தான் அவளைப் பாடாய்ப்படுத்தியது.

ஏப்ரலில் கேரட் பாத்தியில் கோரை கிளம்பியது. இத்தனை வருஷம் மரநிழலில் நூலாக வெளுத்துக் கிடந்த கோரை, இப்போது கொழுத்து நின்றது. பிடுங்கினாள். நான்காம் நாள் அதே இடத்தில் விரல் நீளம். தோண்டினால் மண்ணுக்குள் கருப்புக் கிழங்குகள் மணி கோத்தாற்போல் ஓடின. வாய்க்காலைத் தாண்டினால் அண்ணன் பெல்காசெமின் தோட்டம். சாப்பிட உட்கார்ந்தாலும் அவளுக்குக் கோரை அந்தப் பக்கம் போய்விடுமோ என்ற நினைப்புதான்.

பெல்காசெம் வந்து பார்த்தார்.

"மருந்து அடிச்சு விட்ரு சலூஹா. இல்லேன்னா என் பக்கமும் வந்துரும்."

"வாய்க்கால்ல இறங்காதா அண்ணே? கீழ ஏழு தோட்டம் அந்தத் தண்ணியத்தான் பாய்ச்சுது."

"அப்ப கோரைய அறுத்து சந்தைக்குக் கொண்டு போ. நல்லா போகும்."

அவள் சிரிக்கவில்லை. மாதுளை நிழலுக்குப் போய் அங்கிருந்த கோரையைத் தோண்டினாள். செடிக்கு ஒரு கிழங்கு, அதுவும் கடலை அளவு. நிழல் செய்கிற வேலை அது. ஆனால் புதுப் பேரீச்சை நிழல் தரப் பல வருஷம் ஆகும்.

கேரட்டைப் பிஞ்சிலேயே பிடுங்கிவிட்டு, உயரமாய் வளர்ந்து மண்ணை நிழலால் மூடும் முலூகியாக் கீரையின் விதையை வழக்கத்தைவிட மூன்று மடங்கு நெருக்கித் தூவினாள்.

"இவ்ளோ நெருக்கிப் போட்டா கீரையும் செத்துரும்மா," என்றாள் மூத்தவள் மஹ்பூபா.

"தெரியும்டி. எனக்கும் அதான் பயமா இருக்கு."

முதலில் கோரைதான் முந்தியது. மூவரும் விடிந்ததிலிருந்து குனிந்து களையெடுத்தார்கள். நாலாம் வாரம் கீரை இலைகள் ஒன்றோடொன்று கூடி மண்ணை மூடின. ஜூன் கடைசியில் இடுப்பளவுக் கீரையை அவள் விலக்கிப் பார்த்தாள். உள்ளே கோரை மஞ்சளாய்த் துவண்டு கிடந்தது. தோண்டினால் பழைய கிழங்குகள் இன்னும் கல்லாக இருந்தன, புதியவை அபூர்வம். வெயில் படும் வாய்க்கால் ஓரத்தில் மட்டும் அது அடங்கவில்லை.

மறுநாள் பெல்காசெம் வந்தார்.

"என் பக்கம் நாலு மொளச்சிருக்கு."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். "இப்பவே வந்து தோண்டுறேன் அண்ணே."

"நான் தோண்டிட்டேன். கொஞ்சம் முலூகியா விதை குடு."

இரண்டு கைப்பிடி முடிந்து கொடுத்தாள். அவர் போனபிறகு வாய்க்காலைத் தாண்டி, அவர் வரப்பில் ஐந்தாவது இருக்கிறதா என்று குனிந்து தேடினாள்.